கரண்ட் நிற்கிற வியாழக்கிழமை

எங்கள் தறிக்குடோனுக்குள் யாரும் காதை நம்புவதில்லை. எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் வாயைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். அம்மா கடைசித் தறியில் நின்றபடி உதட்டை அசைத்தால், தார்க்குச்சியில் நூல் சுற்றும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குப் புரிந்துவிடும். 'அடுப்ப அணைச்சயா', 'நூலு அந்துபோச்சு, பாரு', 'மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே'. கருமத்தம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிற வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசியதைப் பார்த்தேன்.

அவர் ஜன்னலோரத் தறியிடம் நின்றிருந்தார். எதிரில் யாரும் இல்லை. சுற்றி முடித்த தார்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு நான் பக்கவாட்டில் போனேன். அவர் உதடு அசைந்தது. "வெயாழக்கெழம கரண்ட் நிக்குது கண்ணு. அன்னிக்கு வந்தர்றேன்." நூல் கோத்த நாடா தறியில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே இன்னொரு தரமும் சொன்னார். "அன்னிக்கு வந்தர்றேன்."

கூடையை வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். கை தானாக நூலைக் கோத்தது. அப்பா யாரிடம் பேசினார் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணு என்று கூப்பிட இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருத்தி. இன்னொருவன் என் அண்ணன் கவின். அவன் போன ஐப்பசி மழையில் அவிநாசி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான்.

அண்ணன் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். மெஷின் என்றால் அவனுக்கு உயிர். எங்கள் தறி எது மக்கர் செய்தாலும் வந்து சரிசெய்துவிட்டுப் போவான். அன்றைக்கு ஒரு தறி நின்றுவிட்டது. அப்பா வாசலுக்கு வந்து போன் போட்டார். மழை ஊத்துது, காலையில வரட்டுங்களா என்று அவன் கேட்டது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "தறி நிக்குதுடா" என்றார் அப்பா. அவன் கிளம்பி வந்தான். இதை அப்பா அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே அவர் தறியைப் போட்டார். எல்லோரும் அதைத்தான் நல்லது என்றார்கள். எங்களுக்குத் தறியில் ஏற்றப் பாவு நூலும் ஊடு நூலும் கொடுக்கிற முதலாளி கோவிந்தராஜுலு இரண்டு பாவு கூடுதலாக அனுப்பினார். "தறி ஓடுனா மனசு மாறும் கந்தப்பா. நிக்க உடாதே." அவர் அன்பாகத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். அப்பா விடவில்லை. சாப்பிடும்போதும் ஓடியது, தூங்குகிறேன் என்று கட்டிலில் கிடக்கும்போதும் ஓடியது. வேலைக்கு இருந்த ஆள் இது நமக்கு ஆகாது என்று நின்றுவிட்டார். அவர் இடத்தை நிரப்ப நான் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய இழப்பு என்று சொல்ல முடியாது. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே எனக்குத் தொண்டை அடைக்கும். "மகுடேஸ்வரி வந்திருக்காளா, அவ நெழல் மட்டும் வந்திருக்குதா" என்று டீச்சரே கேட்பார்.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் தறி நிற்கும். மின்வாரியம் பராமரிப்பு வேலை என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும் நாள். ஊரே அன்றைக்குச் செத்தாற்போல் இருக்கும். நாய் குரைப்பதெல்லாம் கேட்கும். போன மாதம் அந்த நாளில் அப்பாவைக் காணவில்லை. அம்மா தேடிப்போய், தோட்டத்துக் கிணற்று மேட்டில் இருந்து கூட்டிவந்தாள். தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாக்கப் போனேன் என்றார். அந்தக் கிணற்றில் தண்ணீர் பார்த்து நாங்கள் விவசாயம் செய்து வருஷக்கணக்காகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தப்பாப் பாத்திருப்பே."

"ரெண்டு வாட்டி சொன்னாருங்கம்மா."

"வாயில வெச்சுப் பேசாதே மகுடா. அதையெல்லாம் பேசுனா நடந்துரும்."

"பேசாம இருந்தா நடக்காதுங்களா?"

கரண்டியை வைத்துவிட்டு, கரண்ட் நின்றால்தானே அதெல்லாம் என்றாள் அம்மா. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கோவிந்தராஜுலுவுக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமைக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு வேணுமுங்க, எப்படியாவது பாத்துக் கொடுங்க, தறி நிக்கக்கூடாதுங்க. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. கேட்காமல் இருப்பதைத்தான் எங்கள் பக்கம் மரியாதை என்று வைத்திருக்கிறோம்.

அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்த வியாழக்கிழமைக்கு ஜெனரேட்டர் வரும். அடுத்த மாதத்துக்கு? அதற்கு அடுத்ததுக்கு? ஒருநாள் டீசல் தீரும். இல்லை, அப்பாவுக்கே தறிச் சத்தம் போதாமல் போகும். அவர் சொன்னதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சும்மா இருந்தால் அது நான் செய்ததாக ஆகும் என்று தோன்றியது.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஓர் அறைக்கு வெளியே பலகை ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மனநல ஆலோசனை, செவ்வாய்க்கிழமை. அங்கே எப்போதும் கூட்டம் இருக்காது. செவ்வாய்க்கிழமை காலையில் மாத்திரைச் சீட்டை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறைக்குள் மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் சாம்பல் நிறத் துப்பட்டா. ஃபஹீமா என்று மேசையில் பெயர் இருந்தது. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இருந்து ஸ்கூட்டரில் வருகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"வா கண்ணு, உக்காரு. என்னாச்சு?"

உட்கார்ந்தேன். சொல்லவும் செய்தேன். அப்பா, தறி, வியாழக்கிழமை, எல்லாம். அவர் முன்னால் சாய்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"உதடு அசையுது. சத்தம் வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குடோனில் பேசுகிற மாதிரியே பேசியிருக்கிறேன். அவர் அவசரப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும் நிறுத்தினார். "இப்ப வெறும் காத்து மாதிரி சொன்னாக்கூட எனக்குக் கேக்கும். மொத வார்த்தை மட்டும் சொல்லு, போதும்."

"எங்கப்பா," என்றேன். அது வந்ததும் மற்றதும் வந்தது.

அவர் அய்யோ என்று சொல்லவில்லை. பயப்படாதே என்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, குடிப்பாரா, வீட்டில் தோட்டத்துப் பூச்சிமருந்து எதுவும் கிடக்கிறதா, போன மாதம் கிணற்று மேட்டில் என்ன நடந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "இன்னிக்கே நான் வாரேன்," என்றார்.

"நான் சொன்னேன்னு தெரியக்கூடாதுங்க."

"இங்க பாரு மகுடேஸ்வரி. உங்கப்பாகிட்ட நான் பொய் சொன்னா அப்பறம் அவரு எதுக்கு என்னை நம்பணும்? எனக்கு எப்பிடித் தெரியும்னு அவரு கேப்பாரு. நான் சொல்றதா, நீ சொல்றயா, அதை வேணா நீ முடிவு பண்ணு. இன்னொண்ணு. நீ காவல்காரி இல்ல. இனி அவரப் பாத்துக்கறது பெரியவங்க வேலை. உங்கம்மாவோட நான் பேசறேன்."

"நானே சொல்றனுங்க," என்றேன். அப்போது என்னால் முடியும் என்றுதான் இருந்தது.

என் கண் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவுக்குப் போன் செய்தார். எடுத்த எடுப்பில் அம்மா, எல்லாரும் நல்லா இருக்கறமுங்க என்றாள். ஃபஹீமா அம்மா விடவில்லை. "அவரைத் தனியா விடாதீங்க. கொட்டாயில இருக்கற மருந்தெல்லாம் ஊட்டை விட்டு வெளிய போகணும், இன்னிக்கே. பேசுனா நடந்துரும்னு பயப்படறீங்க இல்லீங்களா? பேசாததுனாலதாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கு." அப்புறம் அம்மா மெதுவாக, வாங்க என்றாள். பக்கத்து அறை டாக்டரிடமும் போய் அப்பாவின் விவரம் சொல்லிவைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பா தறியை விட்டு வந்து கும்பிட்டார். நாற்காலி போட்டார். மோர் கொண்டுவரச் சொன்னார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் முகம் ஒரு நொடி மாறியது. மறுபடி சிரித்துக்கொண்டார்.

"எங்களுக்கென்னங்க அம்மணி, நல்லா இருக்கறமுங்க. பையன் போனது வருத்தந்தான். என்ன பண்றதுங்க, ஓடிட்டிருக்கறோம்."

"கொஞ்ச நேரம் தறிய நிறுத்திட்டுப் பேசலாங்களா?"

"பாவு ஓடிட்டிருக்குதுங்களே."

அப்பாவை வேப்பமரத்தடி வரைக்கும் கூட்டிப்போனார் ஃபஹீமா அம்மா; நானும் பின்னால் போனேன். சத்தம் அங்கேயும் வந்தது. நேராகவே கேட்டார். "ஏனுங்க, இருந்து என்ன பண்றது, போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?"

அப்பா சிரித்தார். "அதெல்லாம் இல்லீங்க. யாரு சொன்னா உங்களுக்கு?"

ஃபஹீமா அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவும் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினேன். அந்த அம்மா எனக்காகச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"உங்க மேல பிரியம் இருக்கறவங்க சொன்னாங்க," என்றார். "அவங்களே உங்ககிட்டச் சொல்லுவாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

"நாளைக்கு முடியாதுங்களே அம்மணி. துணி பீஸ் அனுப்போணும்."

"அப்ப வியாழக்கிழமை காலையில நான் வாரேன். அன்னிக்குத் தறியும் ஓடாதாமா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. விருந்தாளி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்கிற நாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. அது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வாங்க," என்றார் அப்பா.

"கோயமுத்தூர்ல இருந்து வாரனுங்க. நான் வந்து நீங்க ஊட்டுல இல்லாமப் போயிரக் கூடாது. நீங்க இருக்கோணும். இருப்பீங்களா?"

அந்த அம்மா பார்வையை எடுக்கவே இல்லை.

"இருக்கறனுங்க," என்றார் அப்பா.

போகும்போது ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார். "இன்னிக்குப் பேச்சு வரலன்னா பரவால்ல கண்ணு. வாக்குக் குடுத்தா நிக்கற மனுசன் உங்கப்பா. அது நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுத்திருக்கு. அவ்வளவுதான். அதுலயே அவரு சரியாயிட்டாருன்னு நெனச்சுக்காதே."

புதன்கிழமை அம்மா அப்பாவின் பக்கத்திலேயே இருந்தாள். அவர் டீக்கடைக்குப் போனால் எனக்கும் டீ வேணும் என்று கூடவே போனாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அம்மா டீக்கடை வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. "என்ன கூத்து இது" என்று அப்பா கேட்டிருக்கிறார். மருந்து டப்பாக்களை முந்தின நாளே நானும் அம்மாவும் சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டோம். ஆனால் ஜெனரேட்டரை வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதுவும் இருக்கட்டுமே என்றாள்.

வியாழக்கிழமை காலை. அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தறிக்கு நடுவே நின்றிருந்தார். அப்படி அவர் உடுத்தி நான் பார்த்தது அண்ணன் காரியத்தில்தான். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து நின்றன. எங்கள் குடோன் மட்டுமல்ல, தெருவே நின்றது.

அந்த அமைதியில் ஒரு வண்டி வந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. ஃபஹீமா அம்மாவாக இருக்கும் என்று ஓடினேன். கோவிந்தராஜுலு. அவர் காருக்குப் பின்னால் குட்டியானை வேனில் ஜெனரேட்டர்.

"கந்தப்பா, கொண்டாந்துட்டேன் பாத்தயா. ஒயரை மாட்டுனா அஞ்சு நிமிசத்துல ஓட்டிப்போடலாம்."

அப்பாவின் முகத்தில் ஒரு தவிப்பு. தண்ணீர் தவித்தவன் சொம்பைப் பார்க்கிற மாதிரி. அவர் ஒயரை வாங்கக் கை நீட்டினார். அது மாட்டப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. தறி ஓடும். அந்த அம்மா வருவார். மோர் கொடுப்போம். நல்லா இருக்கறமுங்க என்று சத்தத்துக்கு நடுவில் அப்பா சொல்லுவார். மறுபடி அந்த ஜன்னலோரத் தறியிடம் போய் நின்று வேறு ஒரு நாளைக் குறிப்பார். அடுத்த தடவை அதைப் பார்க்க நான் அந்தப் பக்கம் போகாமல்கூடப் போகலாம்.

நான் போய் வாசலில் நின்றேன். "ஜெனரேட்டர் வேண்டாங்க."

கோவிந்தராஜுலு சுற்றிமுற்றிப் பார்த்தார். யார் பேசியது என்றே அவருக்குத் தெரியவில்லை. "யாரு, மகுடியா? அட, உனக்குப் பேச்செல்லாம் வருமா?"

"இறக்க வேண்டாங்க. கொண்டு போயிருங்க."

"உங்கம்மா கேட்டுத்தான அம்மணி கொண்டாந்தேன். பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்காம வந்துட்டு இப்ப என்கிட்டத் தொறக்கறே. தறி நின்னா உங்கப்பன் நெலம என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. எனக்குத்தான் தெரியும்."

அம்மா என் தோளைப் பிடித்தாள். "விடு மகுடா, மொதலாளிகிட்ட என்ன பேச்சு." நான் நகரவில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். 

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர் வந்தது. ஃபஹீமா அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி எல்லோரையும் பார்த்தார். கோவிந்தராஜுலுவுக்கு வணக்கம் சொன்னார். "நீங்கதான் முதலாளிங்களா? இவரு மேல எவ்வளவு அக்கறை இருந்தா ஜெனரேட்டரையே ஏத்திட்டு வருவீங்க. எனக்காக ஒண்ணு செய்யுங்க. இன்னிக்கு ஒரு நாளு இங்க சத்தமே வேண்டாம். போகாதீங்க, எங்ககூடவே இருங்க."

கோவிந்தராஜுலு ஏதோ சொல்ல வந்து, ஒயரைச் சுருட்டி வண்டிக்குள் போட்டார். எல்லோரும் குடோனுக்குள் நின்றோம். ஃபஹீமா அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

"அப்பா," என்றேன்.

சத்தம் இல்லாத குடோனில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம நீங்க பேசுனத நான் பாத்தேனுங்க. ஜன்னலோரத் தறிகிட்ட. அண்ணங்கிட்டச் சொன்னீங்க. வெயாழக்கெழம வந்தர்றேன்னு."

அப்பா என்னையே பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துணியில்லாமல் நிற்கும்போது பார்க்கப்பட்டவர் மாதிரி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ பாத்தயா?"

"பாத்தேனுங்க. எனக்கு நீங்க வேணுங்கப்பா. அதுனாலதான் ஆஸ்பத்திரியில சொன்னேன்."

அவர் பக்கத்தில் இருந்த பாவு உருளை மேல் உட்கார்ந்தார். ஃபஹீமா அம்மா தரையில், அவருக்கு எதிரில், துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மணி, நாற்காலி," என்று அம்மா பதறினாள். அவர் கையால் வேண்டாம் என்றார்.

"கவின்கிட்டக் கடைசியா என்ன சொன்னீங்க?"

இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தெருக்கோடியில் யாரோ அம்மியில் அரைக்கிற சத்தம் வந்தது.

"தறி நிக்குதுடான்னு சொன்னனுங்க."

"அதுக்கு அவரு?"

"மழைன்னான். ஒரு தறி நின்னா ஒண்ணும் குடி முழுகிறாதுங்க. ஏழு தறி ஓடிட்டுத்தான் இருந்துது. காலையில வாடான்னு சொல்லியிருந்தா..." குரல் உடைந்தது. "வாரனுங்கப்பான்னு சொன்னான். சிரிச்சுட்டுத்தான் சொன்னான். அவன் கோவிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க."

உன் மேல தப்பில்லை என்று கோவிந்தராஜுலு ஆரம்பித்தார். ஃபஹீமா அம்மா அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அதைச் சொல்லி நெறையப் பேரு உங்க வாயை அடைச்சிருப்பாங்க," என்று அப்பாவிடம் சொன்னார் அந்த அம்மா. "நான் அதைச் சொல்லல. நீங்க சொல்லுங்க. அந்தப் போனுக்கு அப்பறம்?"

அப்பா சொன்னார். நான் அவருக்கு இவ்வளவு பேச்சு இருக்கும் என்று நினைத்ததில்லை. அண்ணன் வரவில்லையே என்று திட்டிக்கொண்டே தறியைக் கழற்றிப்போட்டது. போலீஸ் போன் வந்தபோது கையில் இருந்த கிரீஸ். ஆஸ்பத்திரியில் அண்ணன் சட்டையைத் தொடப் போய், கறை ஆகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டது. தறி நின்றால் அவன் பேச்சு கேட்பது. ஓடினால் இவர் பேச முடிவது. சொல்லிக்கொண்டே போனார். அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். கோவிந்தராஜுலு சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"போயிரோணும்னு நெனச்சீங்களா?"

"நெனச்சனுங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்குத்தானுங்க. நீங்க வாரேன்னு சொல்லிப்போட்டீங்க. வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சுட்டு எப்பிடிப் போறது. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்பறம்னு..."

அவர் வெள்ளை வேட்டி கட்டியது எதற்கு என்று புரிந்தது.

ஃபஹீமா அம்மாவின் முகம் மாறவில்லை. ஆனால் எழுந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தார். "சொன்னதுக்கு நன்றிங்க. இதை வெளிய சொல்றதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு எனக்குத் தெரியும். இப்ப நாம டாக்டர்கிட்டப் போறோம். இப்பவே. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரி. அங்க நான் சொல்லி வெச்சிருக்கேன். கொஞ்ச நாள் அங்க இருக்க வேண்டி வரும். மருந்து குடுப்பாங்க, தூக்கம் வரும். நான் தெனமும் வருவேன்."

"சாப்பிட்டுப் போலாமுங்க," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சோறு ஆக்கிருக்குதுங்க."

"தூக்குப் பாத்திரத்துல எடுத்துக்கங்க. அங்க வெச்சுச் சாப்பிடலாம்."

"நாளைக்குப் போலாங்களா அம்மணி?" என்றார் அப்பா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"இல்லீங்க. இன்னிக்கு."

அவ்வளவு மெதுவாகச் சொல்லி, அவ்வளவு அசையாமல் நிற்கிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

கோவிந்தராஜுலு தன் காரைத் திருப்பினார். அப்பாவை நடுவில் உட்காரவைத்து அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். முன்னால் ஃபஹீமா அம்மா. ஸ்கூட்டரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டார். அவிநாசி ரோட்டில் ஓர் இடம் வரும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் முன்னால் அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் நானும் கூடவே எழுந்தேன். அப்பா உள்ளே போய் மாற்றிச் சொல்லிவிட்டால்? ஒன்றுமில்லீங்க என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டால்? நான் பார்த்ததை டாக்டரிடம் முதலில் இருந்து சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். இந்தத் தடவை தொண்டை அடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அப்பா கதவில் கை வைத்துத் திரும்பினார்.

"நீ வெளிய இரு கண்ணு."

"அப்பா..."

"நீ சொன்ன வரைக்கும் போதும் சாமி. மிச்சத்த நான் சொல்லிக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து எனக்கு முதலில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு தரம் கதவைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அப்பா வெளியே வரவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலீங்க," என்றார் ஃபஹீமா அம்மா. "எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்லீங்க."

நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம். அவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் கொஞ்சம் சோறு கேட்டார்.